பத்தாம் வகுப்புக்குப் பின் எந்தப் பாடப்பிரிவு?

(நமது ஜமாஅத்தின் கல்விக் குழு சார்பில், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான பின் பள்ளிவாசல் வளாகத்தில் நடைபெற்ற பெற்றோர், மாணவர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் துவங்குகிறோம்.

  

நமது மார்க்கத்தில் கல்விக்குள்ள இடத்தைப் பற்றி ஹஜ்ரத் அவர்கள் சற்றுமுன் விளக்கமாக எடுத்துரைத்தார்கள். வஹீயின் முதற்கட்டளையே ஓதுதலைப் பற்றியது என்பதையும், பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், முஸ்லிம் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுப்பதையே தங்கள் விடுதலைக்கு ஈடாகச் செலுத்தினார்கள் என்பதையும் நினைவூட்டினார்கள். ஆகவே கல்வியின் சிறப்பைப் பற்றி நாங்கள் மீண்டும் பேசப் போவதில்லை. கல்வியின் சிறப்பு இன்று நம் ஊரில் அனைவருக்கும் தெரியும். தெரியாமல் இருப்பது அதன் பாதை. அந்தப் பாதையில் முதல் முச்சந்தி பதினோராம் வகுப்பில் வருகிறது. அதைப் பற்றி மட்டுமே இன்று பேச விரும்புகின்றோம்.

எங்கள் தவறு ஒன்று

முதலில் எங்கள் தவறு ஒன்றை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன்பு இதே வளாகத்தில், பத்தாம் வகுப்பில் 468 மதிப்பெண் பெற்ற நம் மஹல்லாப் பெண் பிள்ளை ஒருவருக்கு ஜமாஅத் சார்பில் கேடயமும் ரொக்கப் பரிசும் வழங்கினோம். துஆ செய்தோம், கலைந்து சென்றோம். இரண்டாண்டுகள் கழித்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அந்தப் பிள்ளை தன் தாயாருடன் எங்கள் அலுவலகத்திற்கு வந்தார். செவிலியர் பட்டப்படிப்பில் சேர வேண்டும், அதற்கு ஜமாஅத் உதவ வேண்டும் என்று கேட்டார். படுத்த படுக்கையாகக் கிடந்த பாட்டியாருக்கு நான்கு ஆண்டுகள் பணிவிடை செய்த பிள்ளை அவர். அந்தப் படிப்பின் மீது அவருக்கிருந்த ஆசை வெறும் ஆசையன்று.

மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்த்தோம். கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல். நல்ல மதிப்பெண்கள்தான். ஆனால் உயிரியல் இல்லை. செவிலியர் பட்டப்படிப்புக்கு உயிரியல் கட்டாயம். வீட்டருகில் உள்ள பள்ளியில் உயிரியல் பிரிவு இல்லை. ஆறு மைல் தள்ளியுள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் இருந்தது. பஸ்ஸில் அனுப்பத் தகப்பனாருக்கு மனம் வரவில்லை. வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில், "பக்கத்திலேயே இருக்கும் பள்ளியில் எது கிடைக்கிறதோ அதில் சேர்த்துவிடு" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு தொலைபேசி அழைப்பில் பிள்ளையின் பாதை முடிவாகிவிட்டது.

அந்தப் பிள்ளை எங்களிடம் சொன்ன வார்த்தை இதுதான்: "மாமா, அன்றைக்கு மேடையில் கேடயம் கொடுத்தீர்கள். என்ன படிக்கப் போகிறாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே."

அவர் கோபத்தோடு சொல்லவில்லை. அதனாலேயே எங்களால் பதில் கூற முடியவில்லை. அல்ஹம்துலில்லாஹ், இன்று அவர் வேறு பட்டப்படிப்பில் நன்றாகவே பயில்கிறார். எனினும், பரிசு கொடுக்கத் தெரிந்த எங்களுக்குக் கேள்வி கேட்கத் தெரியவில்லை என்ற உண்மை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இன்றைய கூட்டம் அந்த உறுத்தலில் பிறந்தது.

மூன்று கேள்விகள்

தமிழகத்தில் 1978ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டது. அதற்குமுன் பள்ளியிறுதி வகுப்பை முடித்தவர்கள் கல்லூரியில் புகுமுக வகுப்பில் சேர்ந்து அங்கே பிரிவைத் தேர்ந்தெடுத்தார்கள். இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்களில் சிலர் அவ்வாறு பயின்றவர்கள். அந்தத் தேர்வு இப்போது பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளையின் தலைமேல் வந்து நிற்கிறது. கல்லூரி வாசலில் எடுக்க வேண்டிய முடிவின் பெரும்பகுதி பள்ளியின் வாசலிலேயே எடுக்கப்பட்டு விடுகிறது.

இம்முடிவை எடுக்கையில் மூன்று கேள்விகளை வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். நாம் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக் கொள்கிறோம்.

முதற்கேள்வி: தேர்ச்சி பெற என்ன வேண்டும்? மேல்நிலை வகுப்பில் மொழிப்பாடம், ஆங்கிலம், அத்துடன் பிரிவுக்குரிய நான்கு பாடங்கள், ஆக ஆறு பாடங்கள். முன்பு பாடத்திற்கு 200 வீதம் 1,200 மதிப்பெண் இருந்தது. இப்போது பாடத்திற்கு 100 வீதம் 600. ஒவ்வொரு பாடத்திலும் 35 பெற வேண்டும். ஐந்து பாடங்களில் தொண்ணூறு வாங்கி, ஒன்றில் 34 வாங்கினாலும் தேர்ச்சி இல்லை. செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அக மதிப்பீடு 10. செய்முறையில் முழு மதிப்பெண் வாங்கியவரும் எழுத்துத் தேர்வுக்கென உள்ள குறைந்தபட்ச மதிப்பெண்ணைத் தனியே பெற்றாக வேண்டும். இத்துடன் வருகைப் பதிவும் உண்டு. கல்யாணம், கந்தூரி, வாப்பா ஊர் வந்திருக்கிறார் என்று வாரக்கணக்கில் பிள்ளையை நிறுத்தி வைக்கும் பழக்கத்தை மேல்நிலை வகுப்பிலாவது விட்டுவிட வேண்டும்.

இரண்டாவது கேள்வி: விரும்பும் படிப்புக்குத் தகுதி பெற என்ன வேண்டும்? இது தேர்ச்சியிலிருந்து வேறானது. நாம் குறிப்பிட்ட பிள்ளை தேர்ச்சி பெற்றார். நல்ல மதிப்பெண்ணும் பெற்றார். ஆனால் அவர் விரும்பிய படிப்புக்குரிய பாடம் அவரிடம் இல்லை. மதிப்பெண் குறைந்தால் மறுபடி முயலலாம். படிக்காத பாடத்துக்கு மதிப்பெண் ஏது?

மூன்றாவது கேள்வி: இடம் கிடைக்க என்ன வேண்டும்? தகுதி உடையோர் பலர், இடங்கள் சில. அவ்விடத்தில் எந்தெந்தப் பாடத்தின் மதிப்பெண்ணைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்று அறிந்திருக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறோம். ஒரு மாணவர் கணிதத்தில் 80, இயற்பியலில் 85, வேதியியலில் 85, மற்ற மூன்று பாடங்களில் 295 என மொத்தம் 545 பெறுகிறார். இன்னொருவர் கணிதத்தில் 98, இயற்பியலில் 92, வேதியியலில் 94, மற்ற மூன்றில் 240 என மொத்தம் 524. ஊரார் 545ஐத்தான் பாராட்டுவார்கள். ஆனால் பொறியியல் கலந்தாய்வில் கணிதத்தை 100க்கும், இயற்பியலையும் வேதியியலையும் தலா 50க்கும் கணக்கிட்டு, 200க்குக் கட்-ஆஃப் எடுக்கிறார்கள். முதலாமவருக்கு 165. இரண்டாமவருக்கு 191. மொத்த மதிப்பெண் வீட்டுச் சுவருக்கு. கட்-ஆஃப் கல்லூரி வாசலுக்கு.

பிரிவுகளும் கதவுகளும்

நாம் வழக்கில் 'குரூப்' என்று சொல்கிறோமே, அந்தப் பாடப்பிரிவுகளை இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எல்லாப் பள்ளிகளிலும் எல்லாப் பிரிவுகளும் இருப்பதில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள்.

கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் அடங்கிய பிரிவை 'முதல் குரூப்' என்கிறார்கள். பொறியியல், மருத்துவம், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மருந்தியல், செவிலியம் ஆகிய எல்லாக் கதவுகளையும் திறந்து வைக்கும் பிரிவு இது. ஆனால் சுமையும் இதில்தான் அதிகம். இன்னும் முடிவெடுக்காத, ஆனால் கணிதத்திலும் அறிவியலிலும் நன்றாக உள்ள பிள்ளைக்கு இது பொருந்தும். கணிதத்தைக் கண்டு அஞ்சும் பிள்ளையை, 'கௌரவம்' என்ற ஒரே காரணத்துக்காக இதில் தள்ளுவது அநீதி.

கணிதம், இயற்பியல், வேதியியலுடன் கணினி அறிவியல் உள்ள பிரிவு பொறியியலுக்கும், கணினி, கணிதம், இயற்பியல் பட்டப்படிப்புகளுக்கும் ஏற்றது. கப்பல் துறையில் நாட்டமுள்ள நம் கடலோரப் பிள்ளைகளும் கவனிக்க வேண்டும்: சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும், ஆங்கில மதிப்பெண்ணும் பார்க்கப்படும். ஆனால் உயிரியல் சார்ந்த படிப்புகளின் கதவு இப்பிரிவில் மூடிவிடுகிறது.

இயற்பியல், வேதியியலுடன் தாவரவியல், விலங்கியல் படிக்கும் பிரிவு மருத்துவம் சார்ந்த துறைகளுக்கானது. இதில் சேர்ந்தவர் பொறியியலுக்குப் போக இயலாது, கணிதம் இல்லை. இப்பிரிவில் சேரும் பிள்ளைகள் எல்லோரும் எம்.பி.பி.எஸ். ஒன்றையே குறியாகக் கொள்கிறார்கள். நீட் தேர்வில் இடம் கிடைக்காவிட்டால் வாழ்வே முடிந்துவிட்டதாகக் கலங்குகிறார்கள். கால்நடை மருத்துவத்தில் மாநில ஒதுக்கீட்டு இடங்களும், வேளாண்மை, செவிலியம், மருந்தியல், துணை மருத்துவப் படிப்புகளும் நம் மாநிலத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்பட்டு வந்துள்ளன. ஒரு கதவைப் பார்த்துக்கொண்டே நின்று, பக்கத்தில் திறந்திருக்கும் ஐந்து கதவுகளைக் காணாமல் போய்விடக் கூடாது.

உயிரியல் படிக்காமல் விட்டவர்களுக்கும் ஒரு செய்தி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின் உயிரியலைக் கூடுதல் பாடமாகத் தனியே எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்று 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. வழி இருக்கிறது. ஆனால் ஓராண்டும் கூடுதல் செலவும் பிடிக்கும். முன்கூட்டியே யோசித்தால் இரண்டும் மிச்சம்.

வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியலுடன் கணினிப் பயன்பாடோ வணிகக் கணிதமோ உள்ள பிரிவைப் பற்றி நம் ஊரில் ஓர் இளப்பம் இருக்கிறது. அறிவியல் கிடைக்காதவர்கள் சேரும் இடம் என்று நினைக்கிறார்கள். வணிகத்தையே தொழிலாகக் கொண்டு, கடல் கடந்து கடை வைத்த சமுதாயம் கணக்குப்பதிவியலை இளப்பமாக நினைப்பது எவ்வளவு வேடிக்கை! பட்டயக் கணக்காளர் படிப்பின் முதல்நிலைத் தேர்வை எந்தப் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவரும் எழுதலாம். ஆயினும் கணக்குப்பதிவியல் அறிந்தவருக்கு அது எளிது. அத்தேர்வில் கணிதமும் புள்ளியியலும் உண்டு என்பதால் வணிகக் கணிதம் எடுப்பது நன்மை தரும்.

வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல் அடங்கிய கலைப் பிரிவும் அவ்வாறே. குடிமைப் பணித் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். ஆனால் அதன் பாடத்திட்டத்தில் பெரும்பகுதி இப்பாடங்களே. ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு எந்தப் பிரிவினரும் வரலாம். வக்ஃபு வழக்குகளுக்கும் வாரிசுரிமை வழக்குகளுக்கும் அலைந்து திரிந்த நம் ஜமாஅத்துக்கு, நம்மிடையே இன்னும் எத்தனை வழக்கறிஞர்கள் வேண்டும் என்பதை நாங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

பொதுவிதி ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். அறிவியல் படித்தவர் பின்னர் கலை, சட்டம், வணிகத்துக்கு மாற வழி உண்டு. கலையோ வணிகமோ படித்தவர் பின்னர் பொறியியலுக்கோ மருத்துவத்துக்கோ மாற முடியாது. ஆதலால் தெளிவாக முடிவெடுத்த பிள்ளையை அதன் வழியில் விடுங்கள். முடிவெடுக்காத பிள்ளைக்கு, அதன் ஆற்றலுக்கு உட்பட்டு அதிகக் கதவுகள் திறந்திருக்கும் பிரிவைத் தேர்ந்தெடுங்கள்.

வேறு பாதைகள்

பத்தாம் வகுப்புக்குப் பின் மேல்நிலை வகுப்பு மட்டுமே வழி என்று எண்ண வேண்டாம். பாலிடெக்னிக்கில் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு உண்டு. அதை முடித்தவர் பொறியியலில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஐ.டி.ஐ. எனும் தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்பணியாளர், குளிர்சாதனப் பணியாளர், பற்றவைப்பாளர் முதலான பயிற்சிகள் உள்ளன. எப்படியும் சபுர் போகப் போகிறான் என்று நாம் முடிவு செய்துவிட்ட பிள்ளைகளைப் பற்றியே இதைச் சொல்கிறோம். கையில் தொழிலும் சான்றிதழும் கொண்டு போகிறவனுக்கும், வெறுங்கையோடு போகிறவனுக்கும் அங்கே கிடைக்கும் வேலை எது, சம்பளம் எது என்பதை இங்கிருக்கும் சபுராளிகளே சாட்சி கூறுவார்கள். பத்தாம் வகுப்புத் தேறியவரின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு இடம்பெறுவதில்லை என்பதும் தாங்கள் அறிந்ததே.

ஒரு பாடத்தில் தவறிவிட்டு, வெட்கத்தால் படிப்பையே விட்டுவிட்ட பிள்ளைகள் நம் மஹல்லாவில் இருக்கிறார்கள். தவறியோருக்கான துணைத் தேர்வு அதே கோடையில் நடத்தப்படுகிறது. தேறிவிட்டால் ஆண்டு வீணாகாமல் அந்தக் கல்வியாண்டிலேயே மேற்படிப்பில் சேர முயலலாம். தவறிய பாடத்துக்கு ட்யூஷன் வைக்க வேண்டிய நேரத்தில் விசாவுக்கு அலையாதீர்கள்.

ஹிஃப்ளு முடித்த பிள்ளைகளையும், அரபிக் கல்லூரியில் ஓதும் பிள்ளைகளையும் நாம் மறந்துவிடலாகாது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் மூலம் அவர்கள் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதலாம். ஐந்து பாடங்களில் தேற வேண்டும். அவற்றுள் ஒரு மொழிப்பாடமேனும் இருக்க வேண்டும். அங்கே பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மாணவரிடமே இருப்பதால் கவனமும் கூடுதலாக வேண்டும். எளிதென்று எண்ணி ஐந்து பாடங்களைப் பொறுக்கி எழுதிவிட்டு, பின்னர் விரும்பிய பட்டப்படிப்புக்கு அவை பொருந்தவில்லை என்று கலங்கக் கூடாது. எந்தப் படிப்பில் சேர எண்ணமோ அதன் தகுதியை முதலில் படியுங்கள். பாடத்தைப் பிறகு தேர்ந்தெடுங்கள்.

சான்றிதழ்களில் கவனம்

பாடப்பிரிவைப் போலவே கவனிக்க வேண்டியவை சான்றிதழ்கள்.

பெயர். முஹம்மது, முகமது, மொகமது என்று ஒரே பிள்ளையின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், ஆதாரில் ஒரு விதமாகவும், பள்ளிப் பதிவேட்டில் ஒரு விதமாகவும் இருக்கிறது. தலைப்பெழுத்தும் மாறிக் கிடக்கிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஏறும் பெயரும் பிறந்த தேதியும் ஆயுள் முழுவதும் கூடவே வரும். பொதுத்தேர்வுக்கு முன் பள்ளியில் பெயர்ப்பட்டியல் சரிபார்க்கத் தருவார்கள். அப்போது பத்து நிமிடம் செலவிட்டால் போதும். பின்னர் திருத்த மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

சாதிச் சான்றிதழ். தமிழகத்தில் 2007ஆம் ஆண்டு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு வழங்கப்பட்டது. ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, தக்னி முஸ்லிம், மாப்பிள்ளா, ஷேக், சையத், அன்சார், தூதேகுலா ஆகிய பிரிவினர் அப்பட்டியலில் உள்ளனர். சான்றிதழில் வெறுமனே 'முஸ்லிம்' என்றோ 'இஸ்லாம்' என்றோ இருந்தால் போதாது. பட்டியலில் உள்ள பிரிவின் பெயர் இருக்க வேண்டும். போராடிப் பெற்ற உரிமையை ஒரு காகிதத்தின் குறையால் இழக்கலாமா?

முதல் பட்டதாரிச் சான்றிதழ். குடும்பத்தில் இதுவரை எவரும் பட்டம் பெறாதிருந்தால், தொழிற்கல்வியில் கலந்தாய்வு வழியே சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை பெற இது உதவும்.

பள்ளியின் வகை. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி என்ற வேறுபாடு சலுகைகளில் பெரிதும் பேசும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றிருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அரசு உதவி பெறும் பள்ளிகள் அதில் சேரா. நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகளில் பல உதவி பெறும் பள்ளிகள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். பெண்கள் உயர்கல்விக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் 2022இல் அரசுப் பள்ளியில் பயின்றோருக்கெனத் தொடங்கி, 2024 இறுதியில் உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவியருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. எந்தச் சலுகைக்கு எந்தப் பள்ளி, எந்த வழிக்கல்வி என்பதை அந்தந்த ஆண்டின் அரசாணையைக் கேட்டறிந்து முடிவு செய்ய வேண்டும்.

பதினோராம் வகுப்பு ஓய்வாண்டு அன்று

2018 மார்ச்சில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு முதன்முறையாக நடத்தப்பட்டது. பல பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டாண்டுகள் நடத்தி வந்ததே அதற்குக் காரணம். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையில் அத்தேர்வு நீக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்தது, மகிழ்ச்சி. ஆனால் நீட், ஜே.இ.இ. போன்ற நுழைவுத் தேர்வுகள் இரு வகுப்புகளின் பாடங்களிலிருந்தும் கேள்வி கேட்கின்றன. பதினோராம் வகுப்பை ஓய்வாண்டாகக் கழித்தவர், பன்னிரண்டாம் வகுப்பில் அடித்தளம் இல்லாமல் மாடி கட்ட வேண்டியிருக்கும்.

சேர்ந்த பிரிவு ஒத்துவரவில்லை என்று பிள்ளை சொன்னால், முதல் சில வாரங்களுக்குள் தலைமை ஆசிரியரை அணுகுங்கள். தாமதமாகிவிட்டால் மாற்ற வழி இராது. பிள்ளை வாய் திறந்து சொல்ல வேண்டுமானால், சொன்னால் அடி விழாது என்ற நம்பிக்கை வீட்டில் இருக்க வேண்டும்.

மஷூரா வீட்டிலிருந்து தொடங்கட்டும்

பெற்றோர்களே! திருமணத்துக்கும் வீடு கட்டுவதற்கும் பத்துப் பேரிடம் மஷூரா செய்கிறோம். பிள்ளையின் பாடப்பிரிவை மட்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ன எடுத்தான் என்று பார்த்து முடிவு செய்கிறோம். அந்த மஷூராவில் முதலில் உட்கார வேண்டியவர் பிள்ளையே. அடுத்து, அவரைப் பத்தாண்டுகள் பார்த்த ஆசிரியர். பின்னர் அத்துறையில் உள்ள ஒருவர். இஸ்திகாரா தொழுது இறைவனிடம் கேளுங்கள். ஆனால் விண்ணப்பத்தின் கடைசித் தேதியைக் கேட்க வேண்டியது பள்ளி அலுவலகத்தில்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியே ஒரு வார்த்தை. உங்கள் அச்சத்தை நாங்கள் இகழவில்லை. எங்களுக்கும் பெண் பிள்ளைகள் உண்டு. ஆனால் தூரம் என்ற ஒரே காரணத்தால் பாடப்பிரிவு தீர்மானமாகுமானால், அந்தத் தூரத்தைக் குறைக்கும் பொறுப்பு ஜமாஅத்தினுடையது. நம் தாய்மார்களும் சகோதரிகளும் பிரசவ அறைக்குச் செல்கையில் பெண் மருத்துவரும் பெண் செவிலியரும் வேண்டும் என்று கேட்கிறோம். உயிரியல் படிக்க ஆறு மைல் தூரம் பெண் பிள்ளையை அனுப்பாத ஊரில் அவர்கள் எங்கிருந்து வருவார்கள்?

ஜமாஅத் செய்திருப்பதும் செய்யவிருப்பதும்

வெறும் பேச்சோடு நிற்கக் கூடாது என்று சில முடிவுகளை எடுத்துள்ளோம்.

ஒன்று: மஹல்லாவில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் அனைவருக்கும் பதிவேடு தொடங்கியுள்ளோம். பெயர், பள்ளி, பாடப்பிரிவு, பிள்ளையின் விருப்பம், சான்றிதழ்களின் நிலை ஆகியவை அதில் இருக்கும். மதிப்பெண் அதில் கடைசிப் பத்தி.

இரண்டு: இனிப் பரிசளிப்பு விழா, பதினோராம் வகுப்புச் சேர்க்கை முடிந்தபின் நடக்காது, அதற்கு முன்பே நடக்கும். மேடையேறும் ஒவ்வொரு பிள்ளையிடமும், "என்ன படிக்க ஆசைப்படுகிறாய்?" என்று கேட்டபின்பே கேடயம் வழங்கப்படும். மேடைக்கு வராத பிள்ளைகளின் வீடுகளுக்கு நாங்களே செல்வோம். 468 பெற்றவருக்கு வழிகாட்ட நூறு பேர் வரக்கூடும். 210 பெற்றவருக்குத்தான் நாம் தேவைப்படுகிறோம்.

மூன்று: அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் பிரிவில் சேரும் நம் பெண் பிள்ளைகளுக்கு ஆட்டோ ஏற்பாடு செய்துள்ளோம். இன்றுவரை நான்கு பிள்ளைகள் பெயர் கொடுத்துள்ளனர். ஜகாத் நிதியைத் தொடாமல், உறுப்பினர் சந்தாவிலிருந்தும் நன்கொடையிலிருந்தும் இச்செலவைச் செய்ய நிர்வாகக் குழு தீர்மானித்துள்ளது. கையில் உள்ள தொகை அரையாண்டுத் தேர்வு வரை போதும். அதற்குப்பின் உள்ள மாதங்களை உங்களிடம் ஒப்படைக்கிறோம்.

நான்கு: அந்த ஆட்டோ ஏற்பாட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர் தாமாக முன்வந்துள்ளார். முன்பு எங்கள் அலுவலகத்துக்கு வந்து, யாரும் கேட்கவில்லையே என்று சொன்ன அந்தப் பிள்ளையின் தகப்பனார் அவர். சபுரை முடித்து ஊர் திரும்பியிருக்கிறார். காலையில் ஆட்டோ புறப்படும்போதும் மாலையில் திரும்பும்போதும் நின்று பார்த்துக்கொள்வதாகப் பொறுப்பேற்றுள்ளார். இதைவிட அதிகமாக அவரைப் பற்றி நாங்கள் சொல்வது அவருக்கு விருப்பமில்லை.

மாணவச் செல்வங்களே! எந்தப் பிரிவும் உயர்ந்ததன்று. எந்தப் பிரிவும் தாழ்ந்ததன்று. ஆனால் ஒவ்வொரு பிரிவும் ஏதோ ஒரு கதவைத் திறக்கிறது. ஏதோ ஒன்றை மூடுகிறது. மூடப்போவது எது என்று தெரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள். தெரியாவிட்டால், இஷாத் தொழுகைக்குப்பின் கல்விக் குழுவினர் இங்கேயே இருப்போம், வந்து கேளுங்கள். நீங்கள் கேட்காவிட்டாலும் இனி நாங்கள் கேட்போம்.

நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக! அவர்களை ஈருலகிலும் பயனுள்ளவர்களாக ஆக்குவானாக! எங்கள் கவனக்குறைவால் விளைந்த குறைகளை வல்ல அல்லாஹ் மன்னித்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.